பத்தாயிரம் படத்தில் ஒரு கல்லைத் தேடி எடுக்க: டேக் போடும் முறை

ஞாயிற்றுக்கிழமை வந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு நடுகல் (இறந்த வீரனுக்கு நட்ட கல்), கல்வட்டம், கல்திட்டை (இரண்டும் பழங்கால ஈமச்சின்னங்கள்) என்று ஊர் ஊராகச் சுற்றுகிற ஆட்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிறையப் பேர். நானும் பதினான்கு வருடமாகச் சுற்றுகிறேன், படம் மட்டும் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணா, ஒரு கல் காட்டினீங்களே, வீரன் காலடியில நாய் நிக்குமே, அது எந்த ஊர்ண்ணா?" எனக்கு அந்தக் கல் அப்படியே கண்ணில் நிற்கிறது. மஞ்சள் பூசியிருந்தது, பின்னால் புளியமரம், மரத்தில் யாரோ கட்டிவைத்த வெள்ளாடு. ஊர் மட்டும் நினைவில் இல்லை. 'புதிய போல்டர்', 'புதிய போல்டர் 2', 'மொபைல் பேக்கப்', 'பழைய மொபைல் எல்லாம்' என்று கிடந்த குவியலில் மூன்று ராத்திரி தேடினேன். படம் கிடைத்தது. ஆனால் அது கூட வந்தவர்களில் யாரோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிய படம். எடுத்த தேதி இல்லை, இடம் இல்லை, போல்டர் பெயரிலும் ஒன்றும் இல்லை. படம் இருக்கிறது, கல் எங்கே என்று தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் டேக், அதாவது பிறகு தேடி எடுக்க ஃபைலோடு சேர்த்துவைக்கும் சிறு சொல், அதைப் போடுவதை ஒழுங்காக உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். கல்யாண போட்டோ, நிலப் பத்திரம், பாட்டி பாடிய பாட்டின் ஒலிப்பதிவு, எதுவானாலும் முறை ஒன்றுதான். எனக்குப் பழக்கம் கல் என்பதால் கல்லை வைத்தே சொல்கிறேன், நீங்கள் உங்கள் பொருளை அந்த இடத்தில் வைத்துப் படியுங்கள்.

கல்லில் எழுதியவர்கள் செய்தது

மெட்டாடேட்டா, தமிழில் மீதரவு, என்பது ஒரு பொருளைப் பற்றி அந்தப் பொருளோடேயே இருக்கிற குறிப்பு. இதற்கு நம்ம ஊர் நடுகல்லை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வட்டெழுத்து (தமிழை எழுதிய ஒரு பழைய எழுத்து வடிவம்) உள்ள ஒரு பழைய கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'கோவிசைய' என்று தொடங்கி அரசன் பெயர் வரும், அவனுக்கு அது எத்தனையாவது ஆட்சியாண்டு என்று வரும், எந்த நாடு என்று வரும் (இந்தப் பக்கம் புறமலை நாடு என்று பார்க்கலாம்), பிறகு என்ன நடந்தது, தொறு கவர்ந்தபோது பட்டானா மீட்டபோது பட்டானா, பட்டவன் பெயர் என்ன, அவ்வளவுதான். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். நாலைந்து வரிக்குள் காலம், இடம், நிகழ்ச்சி, ஆள் எல்லாம் வந்துவிடுகிறது. ஒரு சொல் கூட வீண் இல்லை. பக்கத்திலேயே எழுத்தில்லாத கல் ஒன்று இருக்கும், அதே மாதிரி வில்லும் குறுவாளும் பிடித்த வீரன்தான், ஆனால் அவன் யார் என்று இன்று சொல்ல ஆள் இல்லை.

நூலகத்தில் இதே யோசனையை முறையாக்கியவர் எஸ். ஆர். ரங்கநாதன். 1892இல் சீர்காழியில் பிறந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். ஒரு புத்தகத்துக்கு ஒரே ஒரு பெட்டி என்று வைக்காமல், எதைப் பற்றியது, என்ன பொருளால் ஆனது, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று ஐந்து முகமாகப் பிரித்துப் பார்க்கலாம் என்றார். 1933இல் வந்த அவருடைய கோலன் பகுப்பு முறை இப்படி முகம் முகமாகப் பிரிப்பதை வைத்து எழுந்ததுதான். போல்டருக்கும் டேக்குக்கும் உள்ள வித்தியாசமே இது. ஒரு படத்தை 'பாலக்கோடு' போல்டரில் போட்டால் 'புலிக்குத்தி' (புலியோடு சண்டை போட்ட வீரனின் கல்) போல்டரில் போட முடியாது. இரண்டிலும் போட்டால் இரண்டு பிரதி ஆகிவிடும், ஒன்றைத் திருத்தினால் மற்றது பழசாகவே கிடக்கும். டேக்கில் அந்தப் பிரச்சினை இல்லை, ஒரே படத்துக்குப் பல முகம் இருக்கலாம்.

முதலில் கேள்வி, அப்புறம் டேக்

டேக் போட உட்கார்ந்ததும் எல்லோரும் செய்வது, படத்தைப் பார்த்து மனதில் வருகிறதையெல்லாம் எழுதுவது. கல், மரம், வீரன், வெயில், பழமை, அழகு. தயவுசெய்து இப்படிப் போடாதீர்கள். 'அழகு' என்று யாரும் பிறகு தேடப்போவதில்லை, 'கல்' என்று தேடினால் பத்தாயிரமும் வரும்.

ஒரு தாள் எடுத்து, போன ஆறு மாதத்தில் மற்றவர்கள் உங்களிடம் கேட்டதையும் நீங்களே தேடியதையும் எழுதுங்கள். என் தாளில் இப்படி இருந்தது: பென்னாகரம் வட்டத்தில் என்னென்ன கல் பார்த்திருக்கிறோம், புலியோடு சண்டை போடுகிற கல் எத்தனை, எழுத்து உள்ளதில் இன்னும் யாரும் படிக்காதது எது, சாய்ந்து விழுகிற நிலையில் உள்ளது எது, இந்தத் தகவலை எனக்கு முதலில் சொன்னது யார். இதைப் பார்த்தாலே என் முகங்கள் தெரிந்துவிட்டன: இடம், வகை, காலம், நிலை, சொன்னவர். ஐந்துதான். ஆறாவது ஒன்று வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் ஒரு மாதம் காத்திருந்து பார்க்கிறேன், இதுவரை தேவைப்படவில்லை.

சந்தூர்ப் பக்கம் மாங்கன்று நர்சரி வைத்திருப்பவர் என்றால் அவருடைய முகங்கள் வேறாக இருக்கும்: ரகம், ஒட்டு கட்டிய தேதி, தாய்மரம் யாருடைய தோட்டம், நோய். கல்யாண ஸ்டுடியோ வைத்திருப்பவருக்கு வாடிக்கையாளர், சடங்கு, மண்டபம், ஆல்பத்துக்கு எடுத்ததா இல்லையா. கேள்வி மாறினால் டேக் மாறும். அதனால் இன்னொருவருடைய டேக் பட்டியலை அப்படியே எடுத்துப் போடுவது வேலைக்கு ஆகாது, என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதில் 'நிலை' என்கிற முகத்தை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை, எனக்கோ அதுதான் அதிகம் பயன்படுகிறது. 'எழுத்து படிக்கணும்', 'அளவு எடுக்கணும்', 'மறுபடி போகணும்', 'சாய்ந்திருக்கு'. இவை பொருளைப் பற்றியவை இல்லை, நான் செய்யவேண்டிய வேலையைப் பற்றியவை. வேலை முடிந்ததும் அந்த டேக்கை எடுத்துவிடுவேன். சனிக்கிழமை ராத்திரி 'மறுபடி போகணும்' என்று தட்டினால் ஞாயிற்றுக்கிழமைக்கு வழி தெரிந்துவிடும்.

ஒரு பொருளுக்கு ஒரு சொல்

டேக் வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். கிருஷ்ணகிரியில் பெங்களூரா என்கிற மாங்காயைத் தோத்தாபுரி என்றும் சொல்வார்கள், கிளிமூக்கு என்றும் சொல்வார்கள். மூன்றும் ஒன்று. மூன்று படத்துக்கு மூன்று பெயர் போட்டுவிட்டால், ஒரு பெயரில் தேடும்போது மற்ற இரண்டும் காணாமல் போகும். நடுகல்லுக்கும் அதே கதை: நடுகல், வீரக்கல், ஊர்க்காரர்கள் வாயில் வேடியப்பன். நான் டேக்காக 'நடுகல்' மட்டும் வைத்துக்கொண்டேன். ஊரில் என்ன பெயர் சொல்கிறார்கள் என்பதும் முக்கியம்தான், அதை விளக்கக் குறிப்பில் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் வேடியப்பன் என்று கும்பிடுகிற கல்லை வெறும் நடுகல் என்று மட்டும் எழுதினால் கும்பிடுகிறவர்களை அந்தப் படத்திலிருந்தே நீக்கியது போல ஆகிவிடும்.

ஊர்ப் பெயர் இன்னும் சிக்கல். தருமபுரி, தர்மபுரி. ஓசூர், ஒசூர். ஒகேனக்கல், ஹொகேனக்கல். அரூர், ஹரூர். ராயக்கோட்டை, இராயக்கோட்டை. எது சரி என்று சண்டை போட வேண்டாம், ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை மாற்றாமல் இருங்கள். ஒரு எக்செல் ஷீட்டில் இடது பக்கம் நீங்கள் வைத்துக்கொண்ட சொல், வலது பக்கம் அதற்கு வழங்கும் மற்ற பெயர்கள். இந்த ஷீட்தான் உயிர். சந்தேகம் வரும்போதெல்லாம் அதைத் திறந்து பாருங்கள்.

எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டம். கிருஷ்ணகிரி 2004 வரை தருமபுரி மாவட்டம். அதனால் 2004க்கு முன் வந்த ஒரு நூலில் 'தருமபுரி மாவட்டம், ஓசூர் வட்டம்' என்று இருக்கும், இன்னும் பழைய குறிப்பில் சேலம் என்று இருக்கும். மூன்றும் ஒரே கல்லாக இருக்கலாம். நான் டேக்கில் இன்றைய மாவட்டம், இன்றைய வட்டம் மட்டும் போடுகிறேன். பழைய பெயர் குறிப்பில் போகும். நாளைக்கு வட்டத்தின் பெயர் மாறினால் அந்த ஒரு டேக்கின் பெயரை மாற்றினால் போதும், எல்லாப் படத்திலும் மாறிவிடும்.

தமிழில் டேக் போடுவதில் கவனிக்க வேண்டியவை

நான் டேக்கைத் தமிழில்தான் போடுகிறேன். அதற்கென்று சில கவனம் தேவை, இதை விளக்கமாகச் சொல்லும் ஆட்கள் குறைவு என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலாவது, எப்போதும் ஒருமையில், வேற்றுமை உருபு சேர்க்காமல் எழுதுங்கள். 'நடுகல்' என்று தேடினால் 'நடுகற்கள்' என்று எழுதியது வராது, ஏனென்றால் ல் அங்கே ற் ஆகிவிட்டது. 'மரம்' என்று தேடினால் 'மரத்தடி' வராது. ஆங்கிலத்தில் பன்மைக்குப் பெரும்பாலும் கடைசியில் ஒரு எழுத்து சேரும், அவ்வளவுதான். தமிழில் சொல்லின் வாலே மாறிவிடுகிறது. பென்னாகரம், பென்னாகரத்தில் என்று இரண்டு டேக் ஒரே பட்டியலில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாகத் தெரியும் எழுத்துகள். அதியமான் ஊரில் இருந்துகொண்டு ஔவையார் பெயருக்கு டேக் போடாமல் இருக்க முடியுமா? ஆனால் பாதிப் பேர் 'ஔ' என்ற ஒரே எழுத்தை அடிக்காமல், 'ஒ' அடித்து அதற்குப் பக்கத்தில் 'ள' அடிக்கிறார்கள். ஔவையார், ஒளவையார். பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும், தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. அதே போல 'ர' எழுத்துக்குப் பதில் துணைக்காலை அடிப்பது. 'கொ' என்பதைக் கூட யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ஒற்றை உயிர்க்குறியாகவும், கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டு துண்டாகவும். நல்ல மென்பொருள் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், எல்லாம் அப்படி இல்லை. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி ஒட்டிய வரிகளில் இது நிறைய வரும். தீர்வு எளிது: டேக்கை ஒவ்வொரு தடவையும் அடிக்காதீர்கள். ஒரே தடவை சரியாக அடித்து, அப்புறம் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது நீளம். படத்துக்குள் டேக் சேமிக்கும் பழைய முறை ஒன்று ஐபிடிசி. செய்தி நிறுவனங்களுக்காக வந்தது. அதில் ஒரு டேக்குக்கு 64 பைட்டுக்கு மேல் இடமில்லை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும், தமிழில் எழுத்து, கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு. 'தேன்கனிக்கோட்டை வட்டம்' என்பதை எண்ணிப் பார்த்தேன், இடைவெளியோடு சரியாக 64. நுழைந்துவிடும். 'தேன்கனிக்கோட்டை நடுகற்கள்' 73 ஆகிறது, 'தேன்கனிக்கோட்டை நடுகற்' என்று வெட்டுப்பட்டு நிற்கும். 2001இல் அடோபி கொண்டுவந்த எக்ஸ்எம்பி முறையில் இந்தக் கட்டுப்பாடு இல்லை, இன்றைய மென்பொருள்கள் அதைத்தான் முதலில் படிக்கின்றன. ஆனாலும் சுருக்கமாக எழுதுவது நல்லது. இடத்தையும் வகையையும் ஒரே டேக்கில் ஒட்டாமல் இரண்டு டேக்காகப் பிரித்துவிட்டாலே இந்த வெட்டு வராது.

ஒரு படத்தை எடுத்துப் பார்ப்போம்

போன தை மாதம், ஒரு பால்காரர் சொல்லிப் போய், பாலக்கோடு வட்டத்தில் ஒரு ஏரிக்கரையில் எடுத்த படம். கல் இடுப்பு உயரம், வீரனின் இடது கையில் வில், வலது கையில் குறுவாள், மார்பில் இரண்டு அம்பு தைத்திருக்கிறது, மேலே எழுத்து மூன்று வரி, அதில் பாதி சுண்ணாம்பு அடித்து மூடியிருக்கிறது. விளக்கு போட வந்த அம்மா, "எங்க மாமனார் காலத்துல இருந்து வேடியப்பன்தான் சாமி" என்றார். நான் போட்டது இவ்வளவுதான்:

இடம்/தருமபுரி/பாலக்கோடு/ஊர்ப் பெயர். வகை/நடுகல்/போர். நிலை/எழுத்து படிக்கணும். நிலை/சுண்ணாம்பு பூச்சு. சொன்னவர்/பால்காரர்.

இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் 'தருமபுரி' என்று தட்டும்போது பாலக்கோடும் அதற்குள் உள்ள ஊர்களும் சேர்ந்து வரும். காலம் என்கிற முகத்தைக் காலியாக விட்டேன். வட்டெழுத்து என்பது தெரிகிறது, அதனால் பல்லவர் காலம் என்று போடக் கை துறுதுறு என்றுதான் இருந்தது. ஆனால் படிக்காத எழுத்தை வைத்துக் காலம் போட்டால் அடுத்த வருடம் அதை நானே உண்மை என்று நம்பிவிடுவேன். கண்ணால் பார்த்ததை டேக்கில் போடுங்கள், ஊகத்தைக் குறிப்பில் போடுங்கள். காலம் என்பது மாறக்கூடிய விஷயமும் கூட. பர்கூர்ப் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொதுவருடத்துக்கு முன் 2172 என்று 2022இல் அறிவித்தபோது, தமிழ்நாட்டில் இரும்புக்காலம் எப்போது தொடங்கியது என்று அதுவரை எழுதிவைத்த கணக்கெல்லாம் இன்னும் பழைய காலத்துக்குத் தள்ளிப்போனது. அதனால் என் டேக்கில் 'இரும்புக்காலம்' என்ற பெயர் மட்டும் இருக்கும், வருடம் இருக்காது.

அம்மா சொன்னது, மாமனார் காலம், விளக்கு போடும் கிழமை, இதெல்லாம் விளக்கக் குறிப்பில் முழு வாக்கியமாக. அவர் சொன்ன சொல்லையே எழுதினேன்.

டேக் எங்கே போய் உட்காருகிறது?

இதைக் கேட்காமல் ஆயிரம் படத்துக்கு டேக் போட்டுவிட்டு இழந்தவர்கள் உண்டு. சில மென்பொருள் டேக்கைப் படத்துக்குள்ளேயே எழுதும், சில தன்னுடைய கணக்குப் புத்தகத்தில் மட்டும் எழுதிவைக்கும். இரண்டாவது வகையில், படத்தை வேறு கணினிக்குக் கொண்டுபோனால் டேக் கூட வராது. கூகுள் போட்டோஸில் நீங்கள் எழுதும் விளக்கம் படத்துக்குள் போவதில்லை. மொத்தமாகத் தரவிறக்கினால் படம் ஒரு பக்கம், குறிப்பு தனி ஃபைலாக ஒரு பக்கம் என்று வரும். மேக் கணினியில் ஃபைண்டரில் போடும் வண்ண டேக்கும் படத்துக்குள் இல்லை, விண்டோஸில் திறந்தால் தெரியாது.

நான் பயன்படுத்துவது டிஜிகேம் என்ற படத் தொகுப்பு மென்பொருள். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், தமிழில் டேக் போடலாம், அடுக்கடுக்காகவும் போடலாம். நிறுவியதும் முதல் வேலையாக அமைப்புகளில் மெட்டாடேட்டா பகுதிக்குப் போய், டேக்கையும் விளக்கத்தையும் படத்திலேயே எழுதச் சொல்லும் கட்டத்தில் டிக் போடுங்கள். புதிதாக எதையும் நிறுவ விருப்பம் இல்லை என்றால் விண்டோஸில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து, பண்புகள், விவரங்கள் என்று போனால் டேக் கட்டம் இருக்கிறது. ஒவ்வொரு டேக்குக்கும் நடுவில் அரைப்புள்ளி. ஜேபெக் படத்தில் இது வேலை செய்யும், பிஎன்ஜியில் செய்யாது.

வாட்ஸப் விஷயம் தனியாகச் சொல்லியாக வேண்டும். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸப் படத்தைச் சுருக்குவதோடு, எடுத்த நேரம், இடம், டேக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் அனுப்பும். அதே படத்தை டாக்குமென்ட்டாக இணைத்து அனுப்பினால் எதுவும் கழன்று போகாது. எங்கள் குழுவில் இப்போது இது சட்டம் மாதிரி: பார்க்க மட்டும் என்றால் போட்டோ, வைத்துக்கொள்ள என்றால் டாக்குமென்ட்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. இடத் தகவலோடு ஒரு கல்திட்டையின் படம் யார் கைக்கோ போகிறது என்று வையுங்கள். புதையல் இருக்கும் என்று நம்பித் தோண்டுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பலகைக்கல் பெயர்ந்து, நடுவில் குழியோடு கிடக்கிற திட்டைகளை நேரில் பார்த்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். அதனால் பொதுவில் போடும் பிரதியில் இடக் குறிப்பைக் கட்டாயம் நீக்குங்கள். விண்டோஸின் அதே விவரங்கள் பக்கத்தின் அடியில் சொந்தத் தகவலை நீக்கும் வசதி இருக்கிறது. பிரதி எடுத்து அதில் நீக்குங்கள், மூலத்தில் கை வைக்காதீர்கள். வீட்டுக் குழந்தைகளின் படத்துக்கும் இதே எச்சரிக்கைதான்.

தேதியைப் பற்றி இரண்டு வரி. கேமரா தானாகவே எக்ஸிஃப் என்ற பகுதியில் எடுத்த நேரத்தை எழுதிவிடுகிறது, அதனால் வருடத்துக்கு டேக் வேண்டாம். ஆனால் பழைய பிரிண்டை ஸ்கேன் செய்தால் ஸ்கேன் செய்த நாள்தான் பதியும். 1988இல் எடுத்த குடும்பப் படம் 2024 என்று காட்டும். அதைக் கையால் திருத்துங்கள். வருடம் மட்டும் தெரிந்தால் ஜனவரி 1 என்று போட்டு, 'தேதி தோராயம்' என்று ஒரு டேக்.

படம் இல்லாதவை

ஊர்ப் பெரியவர்களிடம் எடுத்த ஒலிப்பதிவுகளுக்கு எம்பி3டேக் என்ற மென்பொருள் போதும். எம்பி3 ஃபைலுக்குள் குறிப்பு எழுதும் பழைய ஐடி3 முறையில் தலைப்புக்கு 30 பைட்டுதான், தமிழில் ஒரு சொல் முடிவதற்குள் தீர்ந்துவிடும், அதனால் இரண்டாம் பதிப்பு முறையில் சேமிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாடகர் என்ற கட்டத்தில் பேசியவர், ஆல்பம் என்ற கட்டத்தில் ஊர், அவ்வளவு போதும்.

பட்டா, சிட்டா, கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, புலப்படம் மாதிரி ஸ்கேன் செய்த பிடிஎஃப்களுக்கு நான் டேக்கை நம்புவதில்லை. வீட்டில் எல்லோருடைய போனிலும் திறக்கவேண்டியவை அவை. அதனால் ஃபைல் பெயரிலேயே எழுதிவிடுகிறேன்: வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதி, பிறகு என்ன ஆவணம், சர்வே எண். வருடம் முன்னால் இருந்தால் தானாகவே கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும்.

எப்போது போடுவது

அன்றைக்கே. சுற்றிவிட்டு வந்து குளித்துச் சாப்பிட்டதும் இருபது நிமிடம். அன்று எடுத்த 80 படத்தையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து மாவட்டம், வட்டம் போட்டுவிடுங்கள். பிறகு ஊர் வாரியாகப் பிரித்து ஊர்ப் பெயர். கடைசியில்தான் ஒவ்வொரு கல்லாக வகையும் நிலையும். ஒரு வாரம் தள்ளிப் போட்டால் இரண்டாவது ஊரும் மூன்றாவது ஊரும் மனதில் கலந்துவிடும். இன்னொரு பழக்கம், கல்லை எடுப்பதற்கு முன்னால் ஊர்ப் பெயர்ப் பலகையை ஒரு படம் எடுத்துவிடுவது. பலகை இல்லாத இடத்தில் ரேஷன் கடை அல்லது பள்ளிக்கூடத்தின் சுவர். எந்த மென்பொருள் கைவிட்டாலும் அந்தப் படம் கைவிடாது.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டேக் பட்டியலை மேலிருந்து கீழ் வரை பார்க்கிறேன். ஒரே ஒரு படம் மட்டும் உள்ள டேக் என்றால் பெரும்பாலும் எழுத்துப் பிழை, சரியானதோடு சேர்த்துவிடலாம். டிஜிகேமில் ஒன்றை இன்னொன்றோடு சேர்க்க ஒரு நிமிடம் கூட ஆகாது.

பழைய குவியலை என்ன செய்வது என்று கேட்பார்கள். இன்று எடுப்பதிலிருந்து தொடங்குங்கள். பழையதை மொத்தமாக முடிக்கிறேன் என்று இறங்கினால் இரண்டாவது வாரம் நின்றுவிடும். ஏதாவது காரணத்துக்காக ஒரு பழைய போல்டரைத் திறக்க வேண்டி வந்தால், மூடும் முன் அந்த போல்டருக்கு மட்டும் இடம், வகை போட்டுவிட்டு மூடுங்கள். என் பத்தாயிரத்தில் பாதிக்கு மேல் இப்படியேதான் முடிந்தது.

நாய் நிற்கும் அந்தக் கல்லுக்கு 'இடம்/ஊர் தெரியவில்லை' என்று டேக் போட்டேன். அதே டேக்கில் இன்னும் 42 படங்கள் சேர்ந்தன. அவற்றைப் போனில் தனி ஆல்பமாக வைத்துக்கொண்டு, போகிற இடத்தில் டீக்கடையில் உட்காரும்போது பெரியவர்களிடம் காட்டுவேன். போன ஆடி மாதம் காரிமங்கலம் தாண்டி ஒரு கடையில், கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுப் பார்த்த ஒரு தாத்தா கல்லைப் பார்க்கவே இல்லை, பின்னால் நின்ற புளியமரத்தைப் பார்த்தார். "இது நம்ம மாரியம்மன் கோயில் மரம்பா, இடி விழுந்து ஒரு கிளை போன மரம்." அங்கேயே உட்கார்ந்து டேக்கை மாற்றினேன், 'சொன்னவர்' கட்டத்தில் அவரையும் சேர்த்து. 42 பாக்கி இருக்கிறது.